மூச்சுப் படாத பலகை

பழனியிலிருந்து வடிவின் மகன் போன் செய்தபோது நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பூண்டு மணக்கிற கையோடு எடுத்து, பழக்கதோஷம், "நம்பர் ப்ளீஸ்" என்றேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "பெரியம்மா, அம்மா வெள்ளனே போயிட்டாங்க" என்றான். "எங்கடா போனா?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இன்னொரு தடவை சொன்னான். அப்போதுதான் விளங்கியது. போனை வைத்துவிட்டு வந்து மிச்சப் பூண்டையும் உரித்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சண்முகவடிவை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அறுபதுகளில், ஊருக்கு அவள் ஒரு குரல். ஏரிக்கரை பங்களாவில் ரிசீவரை எடுத்தாலும் சரி, பூண்டு மண்டியில் எடுத்தாலும் சரி, முதலில் வருவது வடிவின் குரல்தான். சீசன் முடிந்து வெளியூர்க்காரர்கள் இறங்கிப் போனபின், மத்தியானத்தில் ஊரே கண்ணயர்ந்துவிடும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலிகளுக்கு நடுவே நிற்கும். எதிரே, லைன்களை இணைக்கிற ஸ்விட்ச்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. காதில் மாட்டிய ஹெட்போனில், எங்கோ மதுரைப் பக்கம் யாரோ யாருடனோ பேசுவது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி மெல்லக் கேட்கும். அந்த நேரத்தில் நாங்கள் விழித்திருந்தோமா தூங்கினோமா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த நாட்களில் எது நடந்தது, எது நான் மேகத்துக்குள் கண்ட கனவு என்று இப்போதும் பிரிக்க வரவில்லை. ஆனால் இங்கே சொல்லப்போவது நடந்தது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வடிவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்டது என்று இலாகா சொன்னது. ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தனியாக இருந்த வயதான அம்மாள் ஒருத்தி தினமும் மத்தியானம் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்பாள். மணியைச் சொல்லிவிட்டு லைனை எடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். வடிவு மணியைச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று சேர்த்துக்கொள்வாள். அந்த அம்மாள் ஆம் என்று சொன்னாலும், குரலை வைத்தே, இல்லை என்று இவளுக்குத் தெரிந்துவிடும். "பொய் சொல்லாதீங்க, எந்திரிச்சுப் போயி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். இருக்கவும் செய்வாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவள் பழனிக்காரி. அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில், சாமிக்கு நைவேத்தியம் சமைக்கிற இடத்தில், வேலை பார்த்தவர். அந்த வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூடச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். நான் அட்டுவம்பட்டி, பூண்டும் உருளைக்கிழங்கும் போட்ட சம்சாரி வீடு. கிடைத்ததைத் தின்போம். வடிவு வேலைக்குச் சேர்ந்தபோது குடிக்கிற தண்ணீரைக்கூடத் தன் செம்பில்தான் கொண்டுவருவாள். வெளியாள் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட மாட்டாள். "ஏன்டி, கொடைக்கானல் தண்ணிக்கு என்ன கேடு?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

எங்களுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் மிஸ் ஐரீன். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஏதோ ஒரு ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழையும் இங்கிலீஷையும் கலந்துகட்டி, ஆண் பெண் எல்லாரையும் "மேன்" என்று கூப்பிட்டுத்தான் பேசுவார். வடிவு சேர்ந்த புதிதில், இந்தப் பெண்ணுக்குத் தன் இங்கிலீஷ் புரியவில்லை என்று ஒரு பங்களாக்காரர் லைனில் கத்தினார். மிஸ் அந்த லைனைத் தன் காதுக்கு வாங்கி, நீங்கள் வாயில் இருக்கும் சுருட்டை எடுத்துவிட்டுப் பேசினால் எங்களுக்கும் புரியும் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அன்றிலிருந்து வடிவுக்கு மிஸ் என்றால் உயிர்.

ஆபீசில் எல்லாரும் அப்படி இல்லை. மாட்டுக்கறி தின்கிறவர் என்று மிஸ்ஸுக்கு டம்ளரைத் தனியாக வைத்தார்கள். மிஸ்ஸுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஒருநாள் வீட்டிலிருந்து ரோஜாப்பூ போட்ட ஒரு கப்பைக் கொண்டுவந்து, "இது என் கப் மேன், யாரும் தொடக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே ஆணியில் மாட்டினார். தள்ளிவைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாமென்று, தானே தள்ளி நிற்பதுபோல் ஆக்கிவிட்டார். மிஸ் டிபன் பாக்ஸைத் திறந்தால் வடிவும் ஆரம்பத்தில் எழுந்து ஜன்னலோரம் போய்விடுவாள். அவளுக்குக் குமட்டும், பாவம் என்ன செய்வாள். நாளாக ஆக, ஜன்னலிலிருந்து பெஞ்சுக்கு வந்தாள். பெஞ்சிலிருந்து மிஸ்ஸின் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். அப்படி வந்து உட்கார்ந்த அன்று மிஸ் ஊறுகாய் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

மிஸ் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு, அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவான வருஷம். ஒரு மத்தியானம், மேகம் உள்ளே நின்றுகொண்டிருந்தது. மிஸ் கண்ணை மூடியபடி, "போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல கோல்ட் போர்டு பாக்கணும் மேன்" என்றார். எங்களுக்குப் போர்டு என்றால் எதிரே இருக்கிற ஸ்விட்ச்போர்டுதான். வடிவு கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா மிஸ், சில்லுன்னுதான் கெடக்கு" என்றாள். மிஸ்ஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் விளக்கினார். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய அப்பா ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைப்பாராம். உப்பில் ஊறவைத்து வேகவைத்து ஆறிய பன்றித் தொடையை, ஹாம் என்பார்களே அதை, மெல்லிசாக அரிந்து மடித்து அடுக்குவாராம். பக்கத்தில் சாஸேஜ், சீஸ், ஊறுகாய், பழம், ரொட்டி. இலை கிடையாது, தட்டு கிடையாது. வீட்டுக்காரர், விருந்தாளி, வேலைக்காரர் எல்லாரும் சுற்றி நின்று ஒரே பலகையிலிருந்து எடுத்துத் தின்பார்களாம். ஒரே பலகையிலிருந்து என்பதை மிஸ் மறுபடியும் ஒருமுறை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.

மிஸ் எழுந்து போனதும் வடிவு ஹெட்போனைக் கழற்றினாள். "நாம வச்சுக் குடுப்போம் கனகு" என்றாள். வழியனுப்ப ஒரு பார்ட்டி வைப்பதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. கேக், மிக்சர், காபி என்று எல்லாரும் கூடிப் பேசி முடிவாகியிருந்தது. கறியை யார் அரிவது என்று கேட்டேன். தான்தான் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடப்பள்ளி வீட்டுப் பெண் பன்றிக்கறியைத் தொட்டாள் என்று பழனிக்குத் தெரிந்தால், உத்தியோகமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாமென்று அண்ணன்மார் பஸ் ஏறி வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அரிகிறேன், நீ பழத்தை அடுக்கு என்று எவ்வளவோ சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தனி டம்ளரை நெஞ்சில் வைத்துக்கொண்டு மிஸ் கப்பல் ஏறக்கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான். எதையும் தொடாத தன் கை தொட்டு வைத்தால்தான் மிஸ்ஸுக்கு அது ஆறும் என்று ஒரே பிடிவாதம்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சாமான் சேர்த்தோம். நினைத்துப் பார்த்தால் நடந்து போனது மாதிரி இல்லை, மிதந்து போனது மாதிரி இருக்கிறது. கடைத்தெருவில் பங்களாக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில், சாவி போட்டுச் சுருட்டித் திறக்கிற ஹாம் டின், கூடவே சாஸேஜ். சரிவில் இருந்த ஒரு கிறிஸ்தவ மடத்தில் செய்த சீஸ், ஈரத்துணி சுற்றி வந்தது. வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வருகிறவர்களிடம், காம்போடும் இலையோடும் ஆரஞ்சு வாங்கினோம். என் அம்மா காடியில் ஊறப்போட்ட பூண்டை ஒரு பாட்டில் கொடுத்தாள். வடிவு லீவு போட்டு வீட்டுக்குப் போய், ஆபீசில் ஒரு விசேஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கூடை ஆயக்குடிக் கொய்யாவோடு திரும்பினாள். மலைப்பாதை நெடுக பஸ்ஸே கொய்யா வாசனையில் வந்ததாம். இறங்கும்போது கண்டக்டர் கையை நீட்டி ஒன்று கேட்க, "இது முன்னாடியே ஒருத்தருக்குன்னு ஆயிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டாளாம். ஒரு பழம் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்று நான் திட்டினேன்.

பலகைக்குச் சொல்லிவைக்கிற சோலி என்னுடையது. ஆசாரியிடம் போய், சாப்பாட்டுக்கு ஒரு பலகை வேண்டும், நன்றாக இழைத்து வழவழவென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்ட்டி அன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால், கீழே இரண்டு கட்டை அடித்த மணை! சாப்பாட்டுக்குப் பலகை என்றால் நம் ஊரில் உட்கார்ந்து சாப்பிடத்தானே? அந்த மனிதர் மேல் என்ன தப்பு. "அகலமா அடிச்சிருக்கேன் தாயி, நல்லா தாராளமா உக்காரலாம்" என்று என்னை மேலும் கீழும் பார்த்துச் சொல்லிவிட்டு வேறு போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணையாலேயே அவரைப் போட்டிருப்பேன். உட்காருகிற மணையில் சாப்பாட்டை வைப்பதா என்று நான் புலம்ப, வடிவு அதைக் கையால் தடவிப் பார்த்தாள். "இன்னும் யாரும் உக்காரலல்ல? உக்கார்ற வரைக்கும் இதும் பலகதான்" என்றாள். வெந்நீர் விட்டுக் கழுவி, கிடைத்த கொஞ்ச வெயிலில் காயவைத்தோம். கட்டை இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. மேஜைமேல் வைத்தபோது கொஞ்சம் உயர்ந்து, ஒரு மேடை மாதிரி நின்றது.

எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் இருந்த ஓய்வறையில்தான் பார்ட்டி. மற்றவர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்னால் நாங்கள் போய்விட்டோம். வடிவு குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளை மல் துணியை எடுத்து, மூக்கையும் வாயையும் மூடிப் பின்கழுத்தில் முடிந்துகொண்டாள். நாற்றம் தாங்காமல்தான் கட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். இந்தக் கஷ்டம் உனக்குத் தேவையா என்று மனசுக்குள் திட்டினேன். அவள் ஹாமை எடுத்து, வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து, ஒவ்வொன்றாக வைத்தாள். சாஸேஜைச் சாய்வாக அரிந்து பக்கத்தில் வளைத்து அடுக்கினாள். நடுவில் சீஸ். ஆரஞ்சைச் சுளை பிரித்து, இலையோடு. உள்ளே சிவந்த கொய்யாக் கீற்றுகள். சின்னக் கிண்ணத்தில் மலைத்தேன், இன்னொன்றில் பூண்டு. ஒரு பேச்சு இல்லை. மேகம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தரையை மறைத்துவிட்டது. மணை மட்டும் தனியாக மிதக்கிறது. வெள்ளைத் துணி கட்டிய ஓர் உருவம் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அப்போது கதவு திறந்தது. மிஸ் சீக்கிரமே வந்துவிட்டார். பச்சைக் கோட்டு, தலையில் பட்டு ஸ்கார்ஃப். முதலில் பலகையைப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. சின்னப் பெண் மாதிரி முகம் மலர்ந்தது. பிறகுதான் வடிவைப் பார்த்தார். விரல் நுனியில் ஹாம், மூக்கையும் வாயையும் மூடி இறுக்கிக் கட்டிய துணி. மிஸ்ஸின் முகம் அப்படியே அணைந்து போயிற்று. "இவ்வளவு நாத்தமா இருந்தா ஏன் மேன் செஞ்சே? நான் உன்னைக் கேக்கவே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கப்பை ஆணியில் மாட்டிய அன்று சிரித்தாரே, அதே சிரிப்பு. அப்புறம் வருகிறேன் என்று திரும்பிவிட்டார். எதைத் துடைக்க வேண்டுமென்று இவ்வளவும் செய்தோமோ, அதையே மறுபடி அவர் முகத்தில் பூசிவிட்டோம்.

வடிவு வாயைத் திறக்கவில்லை. பலகையை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு ஓடி, கதவை மறித்து நின்றாள். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான், மணிக்கட்டால் துணியைக் கீழே தள்ளினாள். மூச்சு வாங்கியது.

"வாடைக்குக் கட்டல மிஸ். என் மூச்சு அதுல படக்கூடாதுன்னு கட்டினேன்."

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எங்கப்பா சாமிக்குச் சமைக்கையில இப்படித்தான் கட்டுவாங்க. சாப்பிடுறவங்களுக்கு முந்தி நம்ம மூச்சு அதத் தொடக்கூடாது, மோந்து பாக்கக்கூடாது. உங்களுக்கு வைக்கிறதுன்னா எனக்கு வேற மாதிரி வைக்கத் தெரியாது மிஸ்."

மேகம் எங்கள் மூன்று பேருக்கும் நடுவே வந்து போயிற்று. பிறகு மிஸ் தலையிலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்தார். மூலையில் இருந்த குழாயில் கையைக் கழுவினார். ஸ்கார்ஃபால் தன் மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டார். கறி படாத கத்தியாகப் பார்த்து எடுத்து, கூடையில் மிச்சமிருந்த ஒரு கொய்யாவைக் கழுவி, கீற்றுப் போட்டு, ஒரு துண்டு வாழையிலையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். வடிவு ஹாமை அடுக்கினாளே, அதே நிதானம். முடித்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஸ்கார்ஃபைக் கீழே இறக்கி, "சாப்பிடு மேன்" என்றார். செம்புத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் குடிக்காத வடிவு அந்த இலையைக் கையில் வாங்கினாள். கண்ணீர் ஒழுக ஒழுக, ஒரு கீற்று விடாமல் தின்றாள். மிஸ் ஹாமில் ஒரு மடிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அழுதார். நான் பலகையில் இருந்த சாஸேஜைத் தின்றுகொண்டே அழுதேன். எனக்கு அழுகை வந்தால் பசிக்கும்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள், பார்ட்டி நடந்தது. தனி டம்ளர் வைத்தவர்களும் வந்தார்கள். ஒருவர் கேக் மட்டும் போதும் என்று ஒதுங்கிவிட்டார். மற்றவர்கள் சுற்றி நின்று அதே பலகையிலிருந்து ஆரஞ்சு எடுத்தார்கள், கொய்யா எடுத்தார்கள். மிஸ் எதையும் கணக்குப் பார்க்கவில்லை. பாட்டுப் பாடினார். சில நாளில் கப்பல் ஏறிப் போனார். அதன்பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து வரும்போது வடிவிடம் கேட்டேன். சாமிக்குக் கட்டுவது சரி, மிஸ் என்ன சாமியா என்று. "சாமி யாருன்னு நான் கண்டேனா? பசியோட வாராங்கல்ல, அது போதும்" என்றாள். வெரசா நட, மழை வரப்போகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பழனிக்கு விஷயம் போகத்தான் செய்தது. யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நானும் கூடப் போகிறேன் என்றேன். வேண்டாமென்று தனியாகப் போனாள். அவள் வேலை அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மறுநாளே திரும்பி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னடி ஆயிற்று என்று பிடுங்கி எடுத்ததில் சொன்னாள். அண்ணன்மார் குதித்தார்களாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம். அப்பா மட்டும் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, "வாய் கட்டியிருந்தியா?" என்று கேட்டாராம். "கட்டியிருந்தேம்ப்பா" என்றாளாம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

வடிவைத் தெரிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவளுடையது ஏதாவது இருக்கும். பெரும்பாலும் குரலாக இருக்கும். என்னிடம் இருப்பது இது. யாருக்குச் சமைத்தாலும் நான் வாயைக் கட்டிக்கொள்வேன். சமைக்கிற நேரமாவது இவள் வாய் ஓய்ந்திருக்கிறதே என்று என் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பழனிக்குப் போய் அவளை அனுப்பிவிட்டு வந்த மறுநாள், அவளுக்கென்று ஓர் இலை போட்டேன். சோறு, பருப்பு, ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். துணியைக் கட்டிக்கொண்டுதான் சமைத்தேன், கட்டிக்கொண்டுதான் பரிமாறினேன். அழுது அழுது துணியெல்லாம் நனைந்துவிட்டது. ஆனால் வடிவு, உன் இலையில் என் மூச்சுப் படவில்லை.